டப்பாவில் இருந்த நாலு நிமிடம்

அந்த மூன்று வாரத்தில் யாரையெல்லாம் ஏசினாய் என்று கேட்டால், யாரை ஏசவில்லை என்று சொல்வதுதான் சுலபம். நெட்டுக்காரரை ஏசினேன். காட்கோபரில் இருக்கும் மச்சானைப் போனிலேயே கிழித்துத் தொங்கவிட்டேன். பெண்டாட்டியை ஏசினேன். சுவரில் மாட்டியிருந்த ரவுட்டரைப் பார்த்து, "செத்த மூதி, நீ விளங்குவியா?" என்று கையைக்கூட ஓங்கினேன். என்னைப் பெற்ற வாப்பாவை மட்டும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். ஏசுவதற்காகவாவது அவர் முகத்தைப் பார்த்திருப்பேன்.

வாப்பா தாராவியில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். எங்கள் ஆட்கள் வீட்டு நிக்காஹ் கல்யாணம், அடுத்த சந்தின் கோயில் கொடை, மாதா திருவிழா, கணபதிப் பந்தல் எதுவானாலும் வாப்பாவின் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம். அதன் வழியாகத்தான் மூச்சு. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. பேச்சு கிடையாது. தலைமாட்டில் ஒரு பள்ளிக்கூட நோட்டு, அதில் நூல் கட்டித் தொங்கும் ஒரு பேனா. எங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் மோதிரம் போட்ட விரலால் இரும்புக் கட்டிலைத் தட்டுவார். இரண்டு தட்டு தட்டினால் 'இங்கே பார்' என்று அர்த்தம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் குரலை என் போனில் பதிவு செய்தேன். நாலு நிமிடம். அன்றைக்குக் காலையிலிருந்தே நான் ஆஸ்பத்திரியில் வார்டு நர்சுகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், படுக்கை மாற்றித் தரவில்லை என்று. அந்த மூச்சிரைப்போடேயே போனை அவர் வாயருகே கொண்டுபோய், "என்னமாவது பேசுங்க வாப்பா" என்றேன். தொழில் பழக்கம் விடுமா? "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்தார். பிறகு ஏதேதோ பேசினார். கடைசியில் என்னை ஏசினார். என்ன சொல்லி ஏசினார் என்பது அந்தக் களேபரத்தில் மனதில் நிற்கவில்லை. பிறகு ஒருநாளும் அதைப் போட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அது பத்திரமாக இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

அது இருந்த இடம் ஒரு டப்பா. ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை மச்சான் தூக்கி வந்து, திரையில்லாமல், பாட்டுகளை வைத்துக்கொள்ளும் சர்வராக மாற்றிக் கொடுத்தார். வாப்பா அந்தக் காலத்தில் கல்யாணங்களில் பதிவு செய்த கேசட்டுகளையெல்லாம் அதில் ஏற்றினோம். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தப் போனிலிருந்தும் பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்பீக்கரில் பாடும். அந்த நாலு நிமிடத்தையும் அதில்தான் போட்டேன். அடுத்த மாதமே சயன் ஸ்டேஷன் நெரிசலில் என் போனை எவனோ அடித்துவிட்டான். ஆக, வாப்பா என்னிடம் பேசிய பேச்சு உலகத்தில் இருந்தது அந்த டப்பாவில் மட்டும்தான். "இன்னொரு காப்பி எடுத்து வைங்க மச்சான்" என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "பண்ணுவோம், பண்ணுவோம்" என்றேன். எனக்கு வாய்தான் நீளம்.

கீழே என் தோல் பை ஒர்க்‌ஷாப், மேலே வீடு, நடுவில் இரும்பு ஏணி. சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து வாப்பாவுக்குப் பழைய கேசட் ஒன்றைப் போட்டுவிட்டு இறங்கிப் போவேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். பொழுது சாய்கிற நேரம் நான் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவேன். அந்த நேரத்தில்தான் குழாயில் தண்ணீர் வரும் என்பதால் பெண்டாட்டியும் கீழே குடத்தோடு நிற்பாள். பள்ளியிலிருந்து திரும்பி ஏணி ஏறினால், வீடு அமைதியாக இருக்கும். போனை எடுத்துப் பார்த்தால் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று வரும். ஒருநாள் இல்லை, இரண்டுநாள் இல்லை. தினமும்.

முதலில் மச்சானைப் பிடித்தேன். அவர் போனிலேயே ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி, விஷயத்தைப் புரியவைத்தார். வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ரவுட்டர் ஒரு நம்பர் கொடுக்குமாம். ரவுட்டர் அணைந்து எழுந்தால், டப்பாவுக்கு வேறொரு நம்பர் விழுந்துவிடுகிறது. போன் பழைய நம்பரிலேயே போய்த் தேடுகிறது. எங்கள் சந்தில் சர்வேக்காரர்கள் கதவுக்குக் கதவு பெயிண்டில் நம்பர் எழுதிப் போவார்கள், அடுத்த தடவை வந்து வேறொன்று எழுதுவார்கள், கொரியர்காரன் தெருத்தெருவாக அலைவான். அதே கூத்துதான். டப்பாவுக்கு ஒரே நம்பரை நிரந்தரமாகப் போட்டோம். வேலை முடிந்தது என்று அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் மறுபடியும் செத்துக் கிடந்தது.

இந்தத் தடவை நம்பர் சரியாகத்தான் இருந்தது. டப்பாவுக்குள் இருக்கும் டிஸ்க்தான் எழுந்திருக்க மாட்டேன் என்றது. காதை வைத்துக் கேட்டேன். கிர்... கிர்... என்று உள்ளே எதுவோ உரசியது. "மச்சான், திடீர் திடீர்னு கரண்டு போனா டிஸ்க் அடிவாங்கும். உங்க வீட்ல கரண்டுதான் போகுது" என்றார் அவர். பயம் வந்தால் அது எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "எங்க வீட்ல கரண்டு போகுதுன்னா ஃபேன் மட்டும் எப்டிவே சுத்துது? படிச்ச லட்சணமா இது?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அப்போது பின்னால் கட்டிலில் இரண்டு தட்டு கேட்டது. "இருங்க வாப்பா, இத முடிச்சுக்கிடுதேன்" என்றேன், திரும்பாமலேயே.

அடுத்து நெட்டுக்காரர் வந்தார். என் வயதுதான் இருக்கும். மழையில் நனைந்து ஏணி ஏறி வந்த மனிதர். லைனைச் சோதித்தார். "பாய், நம்ம சைடுல எல்லாம் பராபர் இருக்கு. உங்க ரவுட்டர்தான் டெய்லி ஒரு டைம் பந்த் ஆவுது, திரும்ப சாலு ஆவுது. பிளக்க யாராச்சும் புடுங்குறாங்களா பாருங்க" என்றார். தினமும் ஒருமுறை அணைந்து எழுகிறதாம். அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் நான் கேட்கிற நிலையில் இருந்தேனா? "என் வீட்ல பேயா இருக்கு, வந்து பிளக்கப் புடுங்கிட்டுத் திரும்பச் சொருகி வைக்க? காலிபீலி சும்மா கதை விடாதீங்க" என்று ஏணி வரைக்கும் விரட்டிப் போனேன். அன்றைக்கும் கட்டிலில் இரண்டு தட்டு கேட்டது. வாப்பா நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஏதாவது மாத்திரை கேட்பார் என்று நினைத்து, "ஏட்டி, வாப்பாக்கு என்ன வேணும்னு பாரு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அவளுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். கோவண்டியில் உருது மீடியத்தில் படித்தவள். அவள் நோட்டைப் பார்த்துவிட்டு, அவருக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

ரவுட்டர் கடைசியாக எப்போது விழித்தது என்று பார்க்க மச்சான் வழி சொல்லியிருந்தார். பை வெட்டும் அட்டை ஒன்றில் அந்த நேரங்களைக் குறித்துக்கொண்டு வந்தேன். ஏழு ஐந்து. ஏழு நாலு. ஏழு நாலு. ஏழு மூன்று. நாளுக்கு நாள் நழுவி நழுவி முன்னால் வந்தது. இதென்ன எழவு, நேரம் பார்த்து நகரும் கோளாறு என்று அட்டையைத் தூக்கி எறிந்தேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது. பள்ளிச் சுவரில் மஃரிப் நேரம் தினமும் அப்படியே நழுவுவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் செருப்பைக் கழற்றுகிறேன். இரண்டு மூன்று நிமிடம் தள்ளி அதே நம்பர்கள். அட்டையில் என் கையெழுத்திலேயே இருந்தன.

மூன்றாவது வாரம் பழி பெண்டாட்டி மேல் விழுந்தது. டப்பா, ரவுட்டர், ஸ்பீக்கர் மூன்றும் அந்த மாதம்தான் நான் கட்டிலுக்கு அடியில் மாற்றிப் போட்டிருந்த ஒரே ஜங்ஷன் போர்டில்தான் சொருகியிருந்தன. நீதான் மிக்ஸி போடுவதற்கு அதைப் பிடுங்குகிறாய் என்றேன். கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்னையப் பாத்துக் கத்தாதிய. தண்ணி வாரது ஒரு மணி நேரம். அதுல நான் கொடம் தூக்கவா, உங்க டப்பாக்குக் காவல் நிக்கவா? அம்புட்டு சந்தேகம்னா நீங்களே ஒருநாள் இங்க உக்காந்து பாருங்க!"

"உக்காருதேன்! நாளைக்கே உக்காருதேன். எவ கையி, எவன் கையின்னு பாத்துப்புடுதேன்!"

கட்டிலில் தட்டு விழுந்தது. இரண்டு இல்லை; நாலு, ஐந்து, ஆறு. "வாப்பா, சும்மா இருங்களேன், தலை வெடிக்கு!" என்றேன். ஏசவில்லை என்று முதலிலேயே சொன்னேன். அதுவும் ஏச்சில் சேருமா என்று தெரியவில்லை. தட்டு நின்றுவிட்டது.

மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டிஸ்க் அன்றைக்கு எப்படியோ முக்கி முனகி எழுந்திருந்தது. ஏதோ ஒரு பழைய கல்யாணத்தில் வாப்பா பாட்டுக்கு நடுவில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே குடங்கள் மோதும் சத்தம். பள்ளியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஆரம்பித்தது.

வாப்பா கண்ணைத் திறந்தார். ஒரு காலைக் கீழே ஊன்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கழுத்துத் துவாரம் அடைபடாமல் அதன்மேல் இருந்த துணியை இன்னொரு கையால் பிடித்தபடி, மெதுவாகக் குனிந்தார். குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த ஜங்ஷன் போர்டின் சுவிட்சை அணைத்தார். டப்பா, ரவுட்டர், பாட்டு எல்லாம் ஒரே நொடியில் செத்தது. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்தது ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. மைக் செட்டுக்காரர் பாங்கு கேட்டதும் மெயினை அணைப்பார். யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும், கோயில் கொடையாக இருந்தாலும், அது அவர் சட்டம். சத்தத்தைக் குறைத்தால் போதாது, பெட்டி இரைந்துகொண்டே இருக்கும் என்பார். பாங்கு முடிந்ததும் மறுபடியும் போடுவார். நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது. எனக்குத் தெரியாததா?

"வாப்பா! என்ன செய்யுதிய நீங்க! அதுக்குள்ள உங்க..." பாங்குச் சத்தத்துக்கும் மேலே கத்திவிட்டேன். அவர் ஒரு விரலைத் தூக்கினார். பொறு என்று. பாங்கு முடியும்வரை குனிந்தபடியே நின்றார். பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நோட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

மூன்று வாரத்துப் பக்கங்கள். அவருடைய கோணல் எழுத்து. வாசித்தேன்.

"பாங்குக்கு நாந்தான் அணைச்சேன். திரும்பப் போட்டுட்டேன். தப்பா?"

"நெட்டுக்காரர ஏசாத. நாந்தான்."

"மருமவள ஏசாத. நாந்தான்னு எத்தன தடவ எழுத?"

கடைசிப் பக்கத்தில், முந்தின நாள் எழுதியது: "நான் சொல்லுதத நீ கேக்க மாட்டேங்குத."

ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான், வேறு வார்த்தை இல்லை. தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்த பெண்டாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மச்சான் வந்து டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப் போனார். ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார். கேசட் பாட்டுகளில் பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. அந்த நாலு நிமிடத்துக்குப் பெயர் மட்டும் இருந்தது. அமுக்கினால் ஒன்றும் வரவில்லை. "என்னவெல்லாமோ பண்ணிப் பாத்துட்டேன் மச்சான்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் ஏணி இறங்கி அவருக்கு டீ வாங்கி வந்தேன்.

வாப்பாவின் காலடியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். "நீங்க அணைச்சதால இல்ல வாப்பா. நான் இன்னொரு காப்பி எடுத்து வைக்கல. நீங்க எழுதுனதப் பாக்கல" என்றேன். அவர் நோட்டை எடுத்தார். "அதுல என்ன பேசுனேன்?" என்று எழுதிக் காட்டினார்.

"மைக் டெஸ்டிங்னிய. அப்புறம் என்னைய ஏசுனிய. வேற ஞாபகம் இல்ல."

அவர் நோட்டைப் புதுப் பக்கத்துக்குத் திருப்பினார். பிறகு எழுத ஆரம்பித்தார். எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். ஒரு பக்கம் நிறைந்தது. சத்தமாக வாசி என்று கையைக் காட்டினார். வாசித்தேன்.

"ஹலோ. மைக் டெஸ்டிங். ஒண்ணு. ரெண்டு. மூணு. இந்த ஆஸ்பத்திரி டீ வாயில வைக்க வெளங்கல. உங்க உம்மா போட்டா இப்படியா இருக்கும். ஆம்பிளிஃபயர ஈரத்துல வைக்காத. ஏலே, அந்த நர்சுப் புள்ளையளப் பாத்து ஏன் காலையிலேருந்து கத்துத? கத்துனா இரையத்தான் செய்யும், பேச்சு கேக்காது. அதான் மைக்கு முன்னால இருக்குல்லா. மெல்லப் பேசு. நான் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

கடைசி வரி முடிந்ததும் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். வாப்பா கட்டிலை இரண்டு முறை தட்டினார்.

இந்தத் தடவை பார்த்தேன்.