ஈசானிய மூலையில் ஒரு குழி

நாகபூஷணத்தின் வீட்டுக்குள் யாராவது செருப்புக் காலோடு நுழைந்தால் அவர் மனைவி மனோரமா வாசலிலேயே நிறுத்தி மானத்தை வாங்கிவிடுவாள். ஆனால் கூடத்தில், கூலருக்கு முன்னால், ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். அதற்குக் கரெண்டுச் செருப்பு என்று பெயர். கூலரைத் தொட வேண்டியவர்கள் அதில் காலை நுழைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். வெறுங்காலோடு தொட்டால் சுரீர் என்று இழுக்கும். புத்தலப்பட்டைத் தாண்டி இருக்கும் அந்த ஊரில் பாதி வீடுகளில் இதே வழக்கம்தான். இரும்புக் கூலர் என்றால் ஷாக் அடிக்கும், மாடு என்றால் முட்டும். இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

மருமகள் கன்னிகா கேட்டாள். அவள் வடமாலபேட்டைக்காரி. அப்பன் மாந்தோப்பில் கூலி வேலை செய்தவர். பன்னிரண்டாவதான இன்டர் முடித்ததும் திருப்பதிப் பக்கம் ஒரு கம்பெனியில் செல்போனுக்கு மூடி பொருத்தும் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க இரும்பு மெஷினைத் தொட்டாள். ஒரு தடவைகூட ஷாக் அடித்ததில்லை. ஆகவே தொட்டவரை அடிப்பது இரும்பின் சுபாவம் அல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இதற்கு விஞ்ஞானியாக வேண்டியதில்லை. இரண்டு இடத்தில் வாழ்ந்திருந்தால் போதும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கூலரில் தண்ணீர் ஊற்றினாள். புகுந்த வீட்டுக் கிறுக்குகளில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டாள். மகன் கோபிகிருஷ்ணன் நடக்கத் தொடங்கியதும் அப்படி விட முடியவில்லை.

கோபிக்குக் கூலர் என்றால் உயிர். அது 'கொர்ர்' என்றால் அவனும் 'கொர்ர்' என்பான். அதன் வயிற்றில் இரண்டு கையாலும் தாளம் போட ஓடுவான். தண்ணீர் சொட்டும் இடம், ஈரக் கை, வெறுங்கால். போதாக்குறைக்கு வீட்டின் ப்ளக் போர்டுகள் எல்லாம் அவன் மூக்குக்கு நேராக இருந்தன. வீடு கட்டும்போது வாஸ்து பார்த்த ஜோசியர் சித்தாந்தி, "அக்னி மனுஷன் தலைக்கு மேல இருக்கக் கூடாது" என்று சொல்லி, சுவரில் முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டிருந்தார். அக்னியைக் குழந்தையின் வாய்க்கு நேராக வைக்கலாமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

குழந்தையைக் காப்பாற்ற வீட்டார் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அபாண்டம். மீட்டருக்கு மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். ப்ளக் போர்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். கோபியின் இடுப்பில் இன்னொரு கறுப்புக் கயிறு ஏறியது. கன்னிகாவின் புருஷன் முரளி, தான் படித்தவன் என்பதைக் காட்ட, நடந்தால் கீச்கீச் என்று கத்தும் குட்டிச் செருப்பு ஒன்றை வாங்கி வந்தான். கோபி அதில் ஒன்றைக் கடித்துத் தின்றான். மற்றதைக் கூலருக்குள் போட்டான்.

கன்னிகா வேறு வழி கண்டாள். குழந்தை விழித்ததும் மெயின் ப்யூஸைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொள்வாள். அவன் தூங்கினால்தான் வீட்டுக்குக் கரெண்டு.

"கரெண்டு இன்னா உங்கப்பன் வூட்டு ஆடா, இடுப்புல முடிஞ்சுக்கினு திரியறதுக்கு?" என்று மனோரமா கத்தினாள். "சீரியல் பாதில போச்சு! அந்தப் பொண்ணுக்கு விஷம் வெச்சாங்களா இல்லையான்னே தெரியல."

"உன் பேரனுக்கு வெச்சிருக்கறது தெரியுது இல்ல அத்தே?"

"நாங்க வளக்கலையா புள்ளைங்கள? பெத்தவ கண்ணு வெச்சுப் பாத்துக்கினா ஒண்ணும் ஆவாது."

அதுதான் அந்த வீட்டின் சட்டம். கூலர் கெட்டுப் போகலாம், ஒயர் கெட்டுப் போகலாம், கெட்ட பெயர் மட்டும் பெற்றவளுக்கு.

வீட்டுக்கு ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியன் கங்கையாவை அவள் வழியில் மடக்கினாள். "அண்ணா, ப்ளக்குல மூணு ஓட்டை கீதே, மூணாவதுக்கு ஒயர் எங்க?"

"அது சும்மா அழகுக்கும்மா" என்றான். அவள் முறைத்த முறையில் குரலை இறக்கினான். "எர்த்து போடணும்னா குழி வெட்டி, பைப்பு இறக்கி, கரியும் உப்பும் கொட்டணும். தெனம் தண்ணி ஊத்தி ஈரமா வெச்சுக்கணும். கூடவே ட்ரிப் சுவிட்சும் போட்டா, எங்க கரெண்டு ஒழுகினாலும் டக்குனு வூட்டையே அணைச்சுடும். உங்க மாமனாரு சிமெண்டு போட்டு மூடிட்டாரு, மண்ணு எங்க கீது?"

மண் ஈசானிய மூலையில் மட்டும் இருந்தது. சித்தாந்தியைக் கேட்டார்கள். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "அக்னியை ஈசான்யத்துல இறக்கினா வம்ச நாசனம்!" என்றார். வம்சம் கூலரைத் தட்டி நாசமாவதைப் பற்றி அவருடைய பஞ்சாங்கத்தில் குறிப்பு எதுவும் இல்லை.

கோபிக்காக வேண்டிக்கொண்டு எல்லோரும் திருமலைக்குக் கிளம்பிய அன்று, கன்னிகா வீட்டுக்குத் தூரம் என்று சொல்லி நின்றுவிட்டாள். பால் மறக்காத பிள்ளை. அவனும் அவளோடு நின்றான். அவள் சொன்னது பொய். பெண்ணை மூலையில் உட்கார வைப்பதற்காகக் கண்டுபிடித்த வழக்கம் ஒன்று முதல் தடவையாக ஒரு பெண்ணுக்கு உதவியது.

கங்கையா குழி வெட்டினான், பைப்பை இறக்கினான், கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினான், பைப்பிலிருந்து கூலர் ப்ளக்கின் மூன்றாவது ஓட்டைக்கு ஒயர் இழுத்தான், மீட்டர் பக்கத்தில் சுவிட்சை மாட்டினான். கூலரைப் போட்டதும் டக்கென்று வீடு அணைந்தது. "பாத்தியாம்மா, நல்லாவே ஒழுவுது. பம்பு ஒயர் இரும்புல ஒரசிக்கினு கீது போல" என்று சொல்லிக்கொண்டே கூலரை அணைத்து, சுவிட்சை மறுபடி தூக்கிவிட்டுக் கூலர் பக்கம் குனிந்தவன், ஜன்னல் வழியே மதில் மேல் ஒரு தலையைப் பார்த்தான். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா. அவள் பார்த்தது இது: தூரமான பெண், தலைவிரி கோலம், ஈசானியத்தில் குழி, உள்ளே கரி, உப்பு, இரும்பு. செய்வினைக்கு இதைவிட என்ன வேண்டும்? கங்கையா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பொன்னியம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் வீட்டார் லட்டும் கிலியுமாக வந்து இறங்கினார்கள்.

"இன்னாடி பொதைச்ச?" என்றாள் மனோரமா.

"எர்த்து, அத்தே. கங்கையா வந்து போட்டான்."

கங்கையாவுக்குப் போன் போட்டார்கள். அவன் அந்தத் தெருப்பக்கமே வந்து மாசக்கணக்கில் ஆயிற்று என்று பெற்ற தாய் மேல் சத்தியம் செய்தான். வேர்த்துக் கொட்டிய முரளி கூலரைப் போட்டான். டக். வீடே இருண்டது. பெண்கள் அலறினார்கள். நாகபூஷணம் கடப்பாரையை எடுத்தார். "இப்பவே தோண்டி எடுத்து ஆத்துல வீசறேன்!"

"நைனா, இரு. சித்தாந்தியக் கேட்டுடலாம்" என்றான் முரளி.

வாட்ஸ்அப்பில் சித்தாந்தி தெரிந்தார். குழியைக் காட்டினார்கள். கரியைப் பார்த்ததும் போனுக்குள்ளேயே ஓர் அடி பின்வாங்கினார். "ஒத்து, ஒத்து! வேணாம், தொடாதீங்க! இது மலையாளக் கட்டு. தோண்டறவன் தலைக்குத்தான் திரும்பும். தெனம் சூரிய உதயத்துல ஒரு குடம் மஞ்சத் தண்ணி ஊத்திச் சாந்தப்படுத்துங்க. துஷ்ட சக்தி கூலர்ல ஏறிடுச்சு. அதை முதல்ல வெளியே தள்ளுங்க."

கன்னிகாவுக்கு வாய் துடித்தது. எர்த்து, அது வெறும் எர்த்து என்று இன்னொரு தடவை கத்தினால் அவர்கள் நம்பினாலும் நம்பிவிடுவார்கள். நம்பினால் பயம் போகும். பயம் போனால் மாமனார் கடப்பாரையைக் குழிக்குள் இறக்குவார். சித்தாந்தியின் முட்டாள்தனம்தான் இப்போது குழிக்குக் காவல். ஓட்டைக் கூலர் வெளியே போகிறது. குழி நனையப் போகிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கோபி நடக்கத் தொடங்கிய பிறகு முதல் முறையாக ஒரு மூடத்தனத்தின் முன் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அது கூலர் ஷாக்கைவிட மோசமாக இருந்தது.

விடிந்ததும் மனோரமா பயபக்தியோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். எர்த்துக் குழிக்கு இவ்வளவு ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றிய வீடு அந்த மண்டலத்திலேயே வேறு இருந்திருக்காது.

துஷ்ட சக்திகளை என்ன செய்வது என்பதில் நம் ஊர்களில் குழப்பமே கிடையாது. நம்மைவிட இல்லாதவர்களுக்குத் தானம் செய்துவிடுவோம். அடுத்த நாள் காலை தெருவில் சக்கரம் கிறீச்சிட்டது. கன்னிகா எட்டிப் பார்த்தாள். பொன்னியம்மா கூலரை உருட்டிக்கொண்டு போனாள். அவள் கூலி வேலைக்காரி, தகரக் கூரை வீடு. கூடவே, கோபியைவிடச் சின்னவளான அவள் பேத்தி கூலரைத் தட்டிக்கொண்டே தள்ளாடி நடந்தாள்.

கன்னிகா கோபியை மாமியார் இடுப்பில் ஏற்றிவிட்டு ஓடினாள். அதற்குள் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. "பெரீம்மா, குழந்தையத் தூக்கு!" என்று கத்தி, ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"இன்னாம்மே, குடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்துட்டியா? பேய் புடிச்ச கூலரானாலும் காத்து காத்துதானே?"

"பேயும் இல்ல, பூதமும் இல்ல. அதுல கரெண்டு ஒழுவுது. நான் பொதைச்சது எர்த்து. அதும் அந்த சுவிட்சும் இருந்ததாலதான் எங்க வூட்ல கரெண்டு போச்சு. உன் வூட்ல அது ரெண்டும் இல்ல. இங்க கரெண்டு போவாது பெரீம்மா, உன் பேத்திதான் போவா!"

மதிலுக்கு அந்தப் பக்கம், அன்றைய குடத்தோடு நின்ற மனோரமாவுக்கு எல்லாம் கேட்டது. கன்னிகா திரும்பிப் பார்த்தாள். இனி கடப்பாரை வரும். வரட்டும், கட்டிப்பிடித்துக்கொண்டு குழி மேலேயே உட்கார வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

மனோரமா குழியைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த பேரனைப் பார்த்தாள். "எர்த்தோ, இன்னாவோ. ஊத்தினா நல்லதுன்னா ஊத்தறேன். தோண்டினா தலைக்குத் திரும்பும்னு சித்தாந்தி சொன்னாரே, அதையும் மனசுல வெச்சுக்கோ" என்று சொல்லிக் குடத்தைச் சாய்த்தாள். இரண்டு பக்கமும் சேதமில்லாமல் நிற்பதில் அவளுக்கு நிகர் கிடையாது.

பொன்னியம்மா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க வூட்ல ஈசான்யத்துல கக்கூஸ்தான் கீது. வேற மூலைல வெட்டினா புடிக்குமா?"

"எந்த மூலைல வேணும்னாலும் புடிக்கும். கங்கையாவை நான் காதைப் புடிச்சு இட்டாரேன். மொதல்ல இந்தக் கூலரைப் பிரிச்சு அந்த ஒயரை மாத்தட்டும்."

"எலுமிச்சம்பழம்?"

"வேணாம்."

"ஒண்ணே ஒண்ணு?"

"இருந்தா எடுத்து வை. ஜூஸ் போட்டு அவனுக்குக் குடுப்போம். இந்த வெயில்ல குழி வெட்டப் போறான்."