தலைத்தீபாவளிக்கு அடுக்கிய கட்டைகள்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் செரண்டாவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் நாற்காலிக் கால்களை மெஷினில் தேய்த்து வழவழப்பாக்கும் வரிசையில் நானும் என் ஓரகத்தியும் அடுத்தடுத்து நின்றோம். மாமியாரோடு ஒரே வீடு, ஒரே லோரியில் போக்குவரத்து. எனக்கு அவளைப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது.

தீபாவளிக்கு முதல் நாள் எங்களில் ஒருவருக்குத்தான் லீவு என்றார் சூப்பர்வைசர். எனக்கு அது தலைத்தீபாவளி. கணவரோடு கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அம்மா வீட்டுக்குப் போகவேண்டும். பஸ் மாறி மாறிப் போகிற தூரம். முதல் நாளே கிளம்பினால்தான் விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு அங்கே இருக்க முடியும். இதைச் சொன்னதும் ஓரகத்தி சிரித்தாள்.

"எனக்கு யாருடி தலைத்தீபாவளி வச்சா? அன்னைக்கும் நான் இங்கதான் முறுக்குப் பிழிஞ்சேன். நீ மட்டும் என்ன மகாராணியா?"

தேநீர் இடைவேளையில் ஆடுவதற்கு வரிசையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் கழிவு மரத்தில் அறுத்த, விரல் நீளக் கட்டைகள். மூன்று மூன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கீழிருந்து ஒன்றை உருவி உச்சியில் வைக்கவேண்டும். சாய்த்தவர் தோற்றவர். எங்கள் சண்டையைக் கேட்டுச் சலித்த சூப்பர்வைசர், "ஆடித் தீத்துக்குங்க லா. தோத்தவங்க வேலைக்கு வரணும்" என்றார்.

அன்று அடுக்கியவள் அவள்தான். அடுக்குமுன் ஒவ்வொரு கட்டையிலும் கேரம் பவுடரைத் தடவினாள். அவள் கணவர் கேரம் ஆடுகிறவர். பவுடர் போட்டால் எதுவும் வழுக்கிக்கொண்டு வரும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. வந்தது. தொட்டாலே வந்தது. ஆனால் மேலே இருந்தவையும் பிடிமானமில்லாமல் நகரத் தொடங்கின. நான் நடுக்கட்டைகளை மட்டும் எடுத்தேன். அவள் ஓரத்துக் கட்டையை இழுத்தாள். கோபுரம் இடுப்பில் வழுக்கி மேசையெங்கும் சிதறியது.

"ஃபேன் காத்து! இது செல்லாது!"

"காத்துக்கு உங்க கை மட்டும்தான் தெரியுமாக்கா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, வரிசையே சிரித்தது.

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். "போடி. போய் எண்ணெ தேச்சிக்க."

தீபாவளிக்கு முதல் நாள் காலை பையோடு நின்றேன். கணவர் சட்டைகூட மாற்றவில்லை.

"அண்ணி வேலைக்குப் போயிட்டாங்க. அம்மா தனியா எப்படிப் பலகாரம் சுடுவாங்க? அண்ணியும் என்னை இருக்கச் சொல்லிட்டுத்தான் போனாங்க. நீ போயிட்டு வா."

நான் கெஞ்சவில்லை. தனியாக பஸ் ஏறினேன்.

விடியலில் என் அம்மா இரண்டு மணை போட்டிருந்தார். என் தலையில் எண்ணெய் வைக்குமுன் ஒன்றைக் காலால் சுவரோரம் தள்ளினார். "மாப்பிள எங்க?" என்று கேட்டு வந்த லயத்துப் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு ஆளுக்கொரு பொய் சொன்னார்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று ஓரகத்தி தன் மெஷினை நிறுத்தினாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான்.

"மாப்பிளைக்கு உங்கம்மா என்ன மோதிரம் போட்டாங்க?"

நான் என் மெஷினைப் போட்டேன்.