அடுத்த அறையிலிருந்து ஒரு போன்

என் அண்ணி மனநல ஆலோசகர். முன்னறையில் வருகிறவர்களை உட்காரவைத்து உள்ளே அனுப்பும் வேலை நாத்தனாரான எனக்கு. தேன் ஒழுகப் பேசுவார் என்று நம்பி வருகிறவர்கள் முதல் நாளே ஏமாந்து போவார்கள். அழுகிறவர்களை ஆசை தீர அழ விடுவார். அழுது முடித்ததும், "சரி, நாளைக்குக் காலைல எழுந்து என்ன செய்யப்போறீங்க?" என்பார். அதற்கு ஒரு பதில் கிடைக்காமல் யாரையும் வெளியே விடமாட்டார். அப்படியொரு பிடிவாதம்.

எங்கள் தெருத் தையல்காரம்மா வந்தபோது, போன் ஒலித்தாலே அவருக்குக் கை நடுங்கும். மகளைப் பார்க்க வெளியூர் போன கணவர் அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். மகள்தான் போனில் கதறிக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து யார் அழைத்தாலும் இவர் எடுப்பதில்லை. அப்பா தன் வீட்டில் இறந்ததால் அம்மாவுக்குத் தன் மேல் கோபம் என்று மகள் முடிவுகட்டிவிட்டாள். அப்படி இல்லை என்று மெசேஜில் எத்தனை தடவை எழுதியும் நம்பவில்லை. "இருக்கிற ஒரு பிள்ளையும் கைவிட்டுப் போறாளே" என்று இவர் அழுத அழுகை முன்னறை வரை கேட்டது.

அண்ணி என்னைக் கூப்பிட்டார். "நீதான் ஓயாம பேசுவியே. அடுத்த ரூம்ல இருந்து இவங்களுக்குப் போன் போடு."

முதலில் ஒலிக்க மட்டும் விடவேண்டும். அவர் எடுக்க வேண்டியதில்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அடுத்த வாரம் எடுத்துவிட்டு வைக்கவேண்டும். அதற்கடுத்து நான் பேசவேண்டும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அந்தக் கதைதான். மழை வருகிறது, மாடியில் துணி கிடக்கிறதா என்று கேட்பேன். பிறகு கெட்ட சேதிகளாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார் அண்ணி. நீங்கள் தைத்த சட்டை இடுப்பில் பிடிக்கிறது என்றேன். அளவு கொடுத்தபோது இருந்த இடுப்பு இப்போது எங்கே என்று எகிறினார் பாருங்கள்! வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். உள்ளே அண்ணி சிரிப்பது கேட்டது.

இனி மகள் அழைத்தால் எடுத்துவிடுவார் என்று மூவருமே தெம்பாக இருந்தோம். மகள் அழைக்கவில்லை. ஒரு வாரம் போனது, இன்னொன்றும் போனது. அம்மா எடுத்து எடுத்துப் பழகிய நேரத்தில், அழைத்து அழைத்து அலுத்த பெண் அழைப்பதையே விட்டுவிட்டாள். எனக்கு அண்ணி மேல்தான் ஆத்திரம் வந்தது. இவ்வளவு படித்தவருக்கு இது தோன்ற வேண்டாமா?

அண்ணி மழுப்பவில்லை. "தப்பு என்னோடதுதான். எடுக்க மட்டும் பழக்கிட்டேன். இப்ப நீங்க கூப்பிடுங்கம்மா. நான் இங்கதான் இருக்கேன்."

நடுக்கத்தில் கைபேசியைப் பிடிக்கமுடியாமல், மேசை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார் தையல்காரம்மா. ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்த நேரத்தில் மகள் எடுத்தாள்.

"அம்மா? என்ன ஆச்சு? யாருக்கு என்னம்மா?"

போன் வந்தாலே கெட்ட சேதிதான் என்று இவளுக்கும் அதே பயம். பாவம், இவளைப் பற்றி எங்களில் ஒருவருமே யோசிக்கவில்லை. தையல்காரம்மா அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. கைபேசியை எடுத்துக் காதோடு அணைத்துக்கொண்டார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லடி. சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிட்டியா?"