சின்ன மாமா வாங்க முடியாத காடு

சின்ன மாமா அந்த நீல நிற அட்டையை என் மேஜைமேல் வைத்தார். கூடவே அதே பையிலிருந்து ஒரு பாக்கெட் கடலைமிட்டாயும் எடுத்து வைத்தார். கோவில்பட்டியில் நான் வக்கீல் ஆபீஸ் போட்டதிலிருந்து அவர் அங்கே வந்தது அதுதான் முதல்முறை. "ஆயுசு பூரா செல்லும்னு குடுத்திருக்கான், பாரு" என்றார். அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட நம்மவர்களுக்கு இந்திய அரசாங்கம் கொடுக்கும் அட்டை அது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் என்று மரியாதையாகப் போட்டிருக்கும். பெயர்தான் குடிமகன், ஓட்டும் கிடையாது, காடும் கிடையாது. மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். அட்டை இருப்பதால் காடு வாங்கிவிடலாம் என்று நம்பித்தான் அவர் விமானம் ஏறியிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் பெரிய மாமா உட்கார்ந்திருந்தார். இருவரும் என் அம்மாவின் உடன்பிறந்தவர்கள். அவர்களுடைய அப்பா ஊர் ஊராகப் போய் அடுத்தவர் காட்டில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டுப் பிழைத்தவர். தன் ஆட்டின் புழுக்கை தன் மண்ணில் விழ வேண்டும் என்ற ஒரே ஆசையில் விளாத்திகுளம் பக்கம் அந்தக் கரிசலை வாங்கினார். அவருக்குப் பின் பெரிய மாமா அதில் மிளகாயும் கம்பும் போட்டார். இப்போது அவருக்கு முழங்கால் போய்விட்டது. பிள்ளைகள் திருப்பூரை விட்டு வருவதாக இல்லை. சுற்றியிருந்த காடுகளையெல்லாம் சோலார் கம்பெனி வாங்கிவிட்டது, இதற்கும் விலை பேசியாயிற்று. அதைக் கேள்விப்பட்டுத்தான் சின்ன மாமா ஓடி வந்திருந்தார். வருஷத்தில் நாலு மாசமாவது வந்து இருக்க வேண்டும், ஒரு அறை கட்டிக்கொண்டு புரட்டாசியில் விதைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"வெலைக்கு வாங்கக்கூடாதாட்டி?" என்றார் சின்ன மாமா.

"கூடாது மாமா. வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம் மட்டும் கூடாது."

பெரிய மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "துட்டே வேண்டாம். சும்மா எழுதிக் குடுத்துருதேன். எந்தம்பிக்கு நான் குடுக்கதை எவன் கேப்பான்?"

தானமாகவும் வாங்கக்கூடாது என்றேன். ரிசர்வ் வங்கியிடம் தனி அனுமதி கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கிடைத்து நான் பார்த்ததில்லை என்றும் சொன்னேன். வெளிநாட்டுப் பணம் வந்து விளைநிலத்தை விழுங்கிவிடக்கூடாது என்பது சட்டத்தின் எண்ணம். நல்ல எண்ணம்தான். முதலாளி யாரென்றே எங்களுக்குத் தெரியாத கம்பெனி ஊர்க் காட்டையெல்லாம் வளைத்துப் போட்டபோது அந்த எண்ணம் எங்கே போயிருந்தது என்று கேட்கத்தான் ஆளில்லை.

இதில் வயிறெரிகிற விஷயம் ஒன்று உண்டு. காட்டில் ஒரு பங்கு அவருடையதாகவே இருந்திருக்க வேண்டும். வாரிசாக வந்த நிலம், குடியுரிமை மாறினாலும் கையை விட்டுப் போகாது. ஆனால் சம்பளக்காரன் காட்டில் பங்கு கேட்பது எங்கள் ஊரில் கேவலம். தாத்தா இறந்த பதினாறாம் நாள், இனிக் குடும்பத்துக்குப் பெரியவர் என்று அண்ணனுக்கு உருமால் தலைப்பாகை கட்டி முடித்ததும், சின்ன மாமா கூட்டத்தில் எழுந்து, "காடு அண்ணனுக்கே இருக்கட்டும்" என்றார். அதே வாரம், பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார். என் அம்மாவும் போட்டாள். அவளை யாரும் கேட்கவில்லை, பேனாவைத்தான் நீட்டினார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்கிற ஊர், அளக்காமல் போட்டவரை அன்றைக்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. "தம்பின்னா இவம்லா தம்பி!"

"பெறகு எப்படித்தான் வரும்?" என்றார் சின்ன மாமா.

"வாரிசா வந்தா வரும். பெரிய மாமா உயில் எழுதி வச்சா…" என்று இழுத்தேன்.

பெரிய மாமா சிரித்தார். "அப்பம் நான் செத்தாத்தான் இவனுக்குக் காடு. அம்புட்டுத்தான? எழுதுட்டி."

"வேண்டாம்ணே" என்று சின்ன மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணன் கேட்கவில்லை. உயில் எழுதியாயிற்று, கம்பெனிக்காரனையும் திருப்பி அனுப்பியாயிற்று.

பெரிய மாமாவின் மனைவியை, என் அத்தையை, நான் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். காலமெல்லாம் அந்தக் காட்டில் வெயிலில் குனிந்து மிளகாய்ப் பழம் எடுத்தவள். தன் பிள்ளைகளுக்கு வர வேண்டியதை டாலர் சம்பாதிக்கிற கொழுந்தனுக்கு எழுதியதை அவளால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் சின்ன மாமா போன் செய்வார். "அண்ணனுக்கு ஒடம்பு எப்படி இருக்கு மதினி?" என்பார். காலங்காலமாகக் கேட்ட கேள்விதான். உயிலுக்குப் பிறகு அத்தைக்கு அதன் அர்த்தமே மாறிவிட்டது. "இருக்காவ, நல்லாவே இருக்காவ" என்று போனை வைத்துவிடுவாள்.

அப்புறம் பெரிய மாமா காய்ச்சலில் விழுந்தார். நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தார். சின்ன மாமா மதுரையில் இறங்கி, பெட்டியோடு நேரே வந்தார். வார்டு வாசலில் அத்தை நின்றாள். நானும் கூட இருந்தேன்.

"இன்னும் உசுரோடதான் இருக்காவ, தம்பி. போயிட்டுப் பெறகு வாங்க."

 சின்ன மாமா அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பினார். ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது என்னிடம் சொன்னார்.

"மதினி சொன்னதுல தப்பில்லட்டி. பிளேன்ல வரும்போது, அண்ணன் பொழைக்கணும்னுதான் சாமி கும்பிட்டேன். கும்பிட்டு முடிச்ச ஒடனே காடு ஞாபகம் வந்துட்டு."

எனக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை. தெருவில் போகிற எவனும் அந்தக் காட்டை வாங்கலாம். அதில் பிறந்து வளர்ந்தவர் மட்டும் அண்ணனின் சாவுக்குக் காத்திருக்க வேண்டும் என்றால் இது என்ன நியாயம்?

பெரிய மாமா பிழைத்துக்கொண்டார். சின்ன மாமா பிழைக்கவில்லை. திரும்பிப் போன கொஞ்ச காலத்திலேயே நெஞ்சுவலியில் அங்கேயே போய்விட்டார். எரித்ததை நாங்கள் செல்போனில் பார்த்தோம்.

போன மாதம் பெரிய மாமா கம்பை ஊன்றிக்கொண்டு என் ஆபீஸுக்கு வந்தார், அத்தையும் கூட வந்தாள். சோலார் பலகைகளுக்கு நடுவே அந்த ஒரு காடு மட்டும் விதைப்பில்லாமல் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. உயிலைப் பிள்ளைகள் பேருக்கு மாற்றி எழுதச் சொன்னார். எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுந்திருக்காமல் என்னையே பார்த்தார்.

"ஏட்டி, அந்தக் காச்சல்லயே நான் போயிருந்தா, சட்டப்படி காடு அவனுக்குக் கெடைச்சிருக்கும்லா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கேட்டது என்னிடம், வக்கீலிடம்.

"ஆமா மாமா" என்றேன்.