வெண்டைப் பிஞ்சும் மருந்துத் தாளும்

என் அத்தை வெண்டைக்காயைச் சமைத்துச் சாப்பிட மாட்டாள். கொழகொழப்பு தொண்டையில் இறங்காது என்பாள். ஆனால் செடியில் நிற்கும் பிஞ்சைக் கண்டால் விட மாட்டாள். நுனியை விரலால் ஒடித்துப் பார்ப்பாள். 'டக்'கென்று ஒடிந்தால் அடுத்த நொடி அது அவள் வாயில் இருக்கும். கழுவுவது என்ற பேச்சே கிடையாது. முந்தானையில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், மாசி மாதக் கடைசியில், ஏழாம் மாதத்து வளையல்கள் கை நிறையக் குலுங்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை, தலைப்பிரசவம். அப்பாவைப் பெற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டதால், அவளுக்குத் தாய்வீடு என்றால் அது எங்கள் வீடுதான். வத்திராயிருப்புப் பக்கம், மகாராஜபுரத்துக்குக் கொஞ்சம் மேற்கே, மாந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் ஓடு வேய்ந்த வீடு. தேவதானத்திலிருந்து மாமாதான் கொண்டுவந்து விட்டார். கிளம்பும்போது, "மச்சான், ரெண்டு உசுர உங்க கையில விட்டுட்டுப் போறேன்" என்றார். அப்பா மாமாவின் பையை வாங்கிக்கொண்டு பேருந்து நிற்கும் இடம்வரை கூடவே நடந்தார்.

அம்மா அதற்கு முன்பே தயாராகியிருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி காய்கறி நிறையச் சாப்பிட வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னதாகத் தேவதானத்திலிருந்து சேதி வந்த நாளே வீட்டுக்குப் பின்னால் கொத்த ஆரம்பித்துவிட்டாள். தினமும் காய் வாங்குகிற குடும்பம் அல்ல எங்களுடையது. குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் ஒரே வாய்க்காலாக ஓடி மூன்று பாத்தி வெண்டைக்கும் ஒரு பாத்தி கத்தரிக்கும் பாய்ந்தன. வேலியில் பாகல். மூலையில் நாலு கம்பு நட்டு ஒரு புடலைப் பந்தல். காய் வளையாமல் நேராக இறங்குவதற்காக நுனியில் கயிறு போட்டுக் கல் கட்டுவது என் பொறுப்பு. பள்ளிக்கூடம் போகும் வழியில் பொருத்தமான கல்லைத் தேடிப் பையில் போட்டுக்கொள்வேன்.

என் இன்னொரு பொறுப்பு, படிப்பது. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். கல்யாணப் பத்திரிகை, கரண்ட் அட்டை, ரேஷன் கடைப் பலகை எதுவானாலும் என்னைத்தான் நிறுத்திப் படிக்கச் சொல்வார்கள். அப்பா பேருந்தை அதன் நிறத்தை வைத்து அடையாளம் பிடிப்பவர். நான் வாசிக்கும்போது அவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தெரியாத சொல் வந்தால் நான் திணற மாட்டேன். குரலைச் சற்றே உயர்த்தி, தெரிந்த ஒரு சொல்லைப் போட்டுக்கொண்டு போய்விடுவேன். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அத்தை என்னை 'வாத்தியாரு' என்றுதான் கூப்பிடுவாள். காலையில் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு வெண்டைப் பாத்திக்குள் நிற்பாள். வாய் மென்றுகொண்டே இருக்கும்.

"ஏலே வாத்தியாரு, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பாப்பம்."

நான் ஏழு எட்டில் முட்டி நிற்பேன்.

"இதுக்குத்தாம்லே வெண்டைக்கா திங்கணும்கது. நானா திங்கேன்? உள்ள இருக்கவன்லா கேக்கான். வயித்துக்குள்ளயே வாய்ப்பாட்ட முடிச்சிட்டு வெளிய வரட்டும். உன்ன மாதிரி முழிக்கக் கூடாதுல்லா."

"அப்ப எனக்கு?"

"நீ ரெண்டு தின்னு. அவனுக்கு அஞ்சு."

வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதை உண்மையிலேயே நம்பியவர்கள் நானும் அத்தையும் மட்டும்தான்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் பாத்தியில் பூச்சி விழுந்தது. இலைக்கு அடியில் பச்சைப்பேன், காய்க்குள் புழு. அம்மா விடிந்ததும் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொண்டுபோய்த் தூவுவாள். ஒரு வாரம் தூவினாள். பேன் சாம்பலையும் சேர்த்துத் தின்றதுபோல் கொழுத்தது. அப்பா மாந்தோப்புகளில் மருந்தடிக்கப் போகிறவர். பூ எடுக்கிற காலம் முழுவதும் அவருடைய சட்டையில் அந்த வாடை இருக்கும். அம்மா இரண்டு தடவை கேட்டும், "வீட்டுச் செடிக்கு அந்த எழவு வேண்டாம்" என்றே சொல்லிவந்தார். ஒரு நாள் அத்தை கடித்த காயில் பாதிப் புழு இருந்தது. அன்று பகல் முழுவதும் அவள் குமட்டிக்கொண்டே கிடந்தாள். சோறு இறங்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோப்பில் மிஞ்சியதென்று கொடுத்த ஒரு குப்பியையும் தெளிப்பானையும் அப்பா கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். குப்பியின் கழுத்தில் மடித்த தாள் ஒன்றை ரப்பர் வளையம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

அப்பா முதலில் செய்த காரியம், என்னைக் கூப்பிட்டது.

தாளைப் பிரித்தால் தலையணை உறை அளவுக்கு இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு மொழி. தமிழ்க் கட்டத்தைக் கண்டுபிடித்தபோதே எனக்குப் பெருமை தாங்கவில்லை. எறும்பு ஊர்வதுபோல எழுத்து. அம்மா பெருக்குவதை நிறுத்திவிட்டு வந்தாள். துணி துவைக்கிற கல்லில் அத்தை சோர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதல் நாலு வரியைக் கணீரென்று படித்தேன். தோப்புப் பக்கமிருந்து சீழ்க்கைச் சத்தம் கேட்டது. மட்டையோடு பையன்கள் எனக்காக நின்றார்கள்.

"எம்புட்டு ஊத்தணும்னு போட்டிருக்கு?" என்றார் அப்பா.

மூடிப் படம் ஒன்று இருந்தது. "ஒரு மூடி."

"தோப்புலயும் அதான். சரி, அடிச்ச பொறவு எத்தன நாளைக்குப் பறிக்கக் கூடாது? அங்கன அதெல்லாம் மேஸ்திரி பாத்துக்கிடுவாரு. எனக்குத் தெரியாது."

விரலை வைத்துக்கொண்டே இறங்கினேன். வரிகள் முடிவதாக இல்லை. மறுபடியும் சீழ்க்கை. அத்தை முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அதிகமாகச் சொன்னால் பாவம், அவள் எத்தனை நாள் காத்திருப்பாள் என்று தோன்றியது.

"ரெண்டு நாள்."

"நல்லாப் பாத்தியாலே?"

"போட்டிருக்குப்பா. ரெண்டு நாள்."

அப்பா குனிந்து என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். அந்த வரியின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்பவர்போல ஒரு கணம் பார்த்துவிட்டு, தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எல்லாரையும் வீட்டுக்குள் போகச் சொன்னார். கொடியில் கிடந்த துணிகளை எடுத்தார். தண்ணீர்க் குடத்தை மூடினார். துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அடித்தார். நான் விளையாடப் போய்விட்டேன்.

திங்களும் செவ்வாயும் பாத்திப் பக்கம் யாரையும் அவர் விடவில்லை. பேன் ஒன்றுகூட மிச்சமில்லை. இலை கழுவிவிட்டதுபோல மின்னியது. புதன்கிழமை காலையில் நான் பைக்கட்டோடு வெளியே வந்தபோது அத்தை பாத்திக்குள் நின்றாள்.

"வாத்தியாரு கணக்குப்படி கெடு முடிஞ்சுதுல்லா?" என்று சிரித்தபடி எனக்கு இரண்டு பிஞ்சு தந்தாள். மற்றதை அவள் தின்றாள். அன்றைக்கு ஐந்தோடு நிற்கவில்லை. மூன்று நாள் பாக்கி.

இரண்டாவது பாடவேளையில் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. வகுப்பிலேயே வாந்தி எடுத்தேன். டீச்சர் முகத்தைக் கழுவிவிட்டு, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனோடு வீட்டுக்கு அனுப்பினார். அங்கே வாசலில் கூட்டம். ஆம்புலன்ஸ் அப்போதுதான் போயிருந்தது. அத்தைக்கு வாயில் நுரை தள்ளியதென்றும், வேர்த்துக் கொட்டியதென்றும், கை கால் வெட்டி இழுத்ததென்றும் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். நானும் வாசலிலேயே இன்னொரு முறை வாந்தி எடுக்கவே, பக்கத்து வீட்டுக்காரர் பைக்கட்டோடு என்னைத் தூக்கித் தன் பைக்கில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு விட்டார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் ஊசி குத்தி ஒரு பாட்டில் ஏற்றினார்கள். மத்தியானம் டாக்டரம்மா வந்தார். அப்பாவின் சட்டைப் பையிலிருந்த தாளை வாங்கிப் பிரித்தார். கண்ணை வேகமாக ஓட்டினார். ஒரு வரியில் விரலை வைத்து, வார்டு வாசலில் நின்ற அப்பாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அப்பா குனிந்து அந்த விரலைப் பார்த்தார். நான் சொன்ன 'ரெண்டு நாளை'த்தான் டாக்டரம்மா காட்டுகிறார் என்று நினைத்தேன். இரண்டு தடவை சொன்னதில், அது அந்தத் தாளில் இருக்கிறது என்று எனக்கே நம்பிக்கை வந்திருந்தது.

பிறகு டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. "வீட்டுல எழுத்துத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

அம்மா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இல்லைங்கம்மா. எங்க வீட்ல ஆருக்கும் எழுத்துத் தெரியாது. நானாத்தான் ஒரு கணக்குல அடிச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. "எனக்குத் தெரி..." என்று எழுந்து உட்கார்ந்தேன். அப்பா இரண்டே எட்டில் வந்து என் நெஞ்சில் கை வைத்துப் படுக்கையில் அழுத்தினார். "படுலே. ஊசி கழண்டுரும்." டாக்டரம்மா என் பள்ளிக்கூடச் சட்டையையும் காலடியில் கிடந்த புத்தகப் பையையும் பார்த்தார். தாளை மடித்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த விஷயத்துக்காக அவள் வாய் அதன்பிறகு திறக்கவே இல்லை.

அத்தை பிழைத்துக்கொண்டாள். பிள்ளை மறுநாள் பிறந்தது, அழாமல். ஆண் பிள்ளை. அப்பாவும் மாமாவும் ஆற்றுப்பக்கம் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். சுற்றுவதற்குத் துணி எதுவும் கொண்டுபோகாததால் அப்பா தன் துண்டைக் கொடுத்தாராம். இதெல்லாம் ரொம்பப் பின்னால் எனக்குத் தெரிந்தவை. அப்போது என்னிடம், பாப்பா வரக் கொஞ்சம் நாளாகும் என்று மட்டும் சொன்னார்கள். அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தேவதானத்துக்குப் போனாள். அப்புறம் அவளுக்குக் குழந்தை இல்லை. பொங்கலுக்குப் போனால் இன்றைக்கும் எனக்குத் தட்டு நிறையச் சோறு போட்டு என்ன படிக்கிறாய் என்று விசாரிப்பாள். வாத்தியாரு என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

போன வருடம் ராஜபாளையத்தில், கல்லூரிக்குப் போகும் வழியிலுள்ள ஓர் உரக்கடையில் அதே நிறக் குப்பியைப் பார்த்தேன். எடுத்துக் காட்டச் சொன்னேன். "என்ன பயிருக்குத் தம்பி?" என்றார் கடைக்காரர். தாளை மட்டும் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தமிழ்க் கட்டத்தில், ஆறாவதோ ஏழாவதோ வரி. மற்றவற்றைவிடத் தடித்த எழுத்து. 'காய்கறிப் பயிர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.' எத்தனை நாள் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மூன்றாம் வகுப்பில் எனக்குத் தெரிந்திராத எழுத்து ஒன்றுகூட அந்த வரியில் இல்லை. இன்னும் இரண்டு மூன்று வரி படித்திருந்தால் போதும்.

அன்று, ஆஸ்பத்திரிக்குப் போன நாலாம் நாள், அம்மாவை அத்தையிடம் விட்டுவிட்டு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். உச்சி வெயில். நான் மூன்று நாளாக அவரோடு பேசவில்லை. ஊரே மெச்சுகிற என் படிப்பை ஒரு டாக்டரம்மா முன்னால் அவர் இல்லையென்று சொல்லிவிட்டாரே என்ற ஆங்காரம் எனக்கு. பேருந்து நிலையத்தில், வழக்கம்போல அவர் பக்கத்தில் நின்றவரிடம் கேட்கப் போனார். நான் முந்திக்கொண்டு பலகையைப் பார்த்துக் கத்தினேன்: "வத்திராயிருப்பு! வழி, கிருஷ்ணன்கோவில்!" நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தலையை ஆட்டிவிட்டு ஏறினார்.

அதோடு என் மனம் ஆறவில்லை. வண்டி கிளம்பியதும் பையிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்து முதல் பாடத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. ஒரு வரியையும் தாண்டவில்லை. என்ஜின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று தொண்டையைக் கிழித்தேன். முன் இருக்கையிலிருந்த அம்மாள் ஒருத்தி கூடையை அணைத்தபடி திரும்பினாள்.

"ஏயப்பா, என்னமா படிக்கான்! ஆரு பிள்ள?"

"எம் மகன்தான்" என்றார் அப்பா.

"குடுத்துவச்சவிய நீங்க. வீட்டுல படிக்கத் தெரிஞ்ச ஒரு பிள்ள இருந்தாப் போதும்லா."

அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கை தோளுக்குப் போய்த் துண்டைத் தேடியது. தோளில் துண்டு இல்லை. சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டை ஆஸ்பத்திரியிலேயே மறந்துவிட்டார், எழுத்தும் தெரியாது, ஞாபகமும் கிடையாது இவருக்கு என்று நினைத்துக்கொண்டு, நான் இரண்டாம் பாடத்தைத் திருப்பினேன்.