விரிப்பில் விழுந்த கிழிசல்

அந்தச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பதினெட்டுப் பெண்களும் மேற்பார்வையாளர் அம்மாளுக்கு வைத்திருந்த பெயர் எக்ஸ்ரே. தலைவலி என்று யாராவது விடுப்புக் கேட்டால், வலிப்பது தலையா இல்லை சினிமா ஆசையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புவது அவர்கள் வேலை. ஒரு திங்கட்கிழமை, பெரிய விடுதியிலிருந்து ஆறு விரிப்புகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், கத்தரியால் வெட்டியதுபோல.

எக்ஸ்ரேயின் பார்வை நேராகத் தேய்ப்பு மேசையில் நின்ற புதியவள்மேல் போனது. இரண்டு மாதம் முன்புதான் போட்டிச் சலவைக்கூடத்திலிருந்து வந்து சேர்ந்தவள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். சாப்பிடும்போதும் சுவரைப் பார்த்தே உட்காருவாள்.

"ஊமைக்கோட்டான் மாதிரி இருக்கா. பழைய கூடத்துக்காரங்கதான் நம்ம பேரைக் கெடுக்க அனுப்பியிருக்கணும்," என்றார் வீட்டில் கணவரிடம்.

"வெட்டினதை நீ பாத்தியா?"

"பாக்கணுமா என்ன? முழிக்கிற முழியே சொல்லுதே."

"உன் முன்னாடி நின்னா நானே அப்படித்தான் முழிக்கிறேன்," என்றார் அவர்.

எக்ஸ்ரே சிரிக்கவில்லை. மறுநாளே புதியவளைத் தேய்ப்பு மேசையிலிருந்து சலவை இயந்திரங்களின் பக்கம் மாற்றினார். தன் அறையின் கண்ணாடிச் சன்னல் வழியாக அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அவளே வந்து நின்றாள்.

"அக்கா, ரெண்டாவது மெஷின் உள்ள ஒரு சத்தம் வருது. யாரையாவது பாக்கச் சொல்லுங்களேன்."

"நான் கேட்டேனா? என் காதுல பூ சுத்தாதே. போய் வேலையைப் பாரு."

கேட்காமலே இயந்திரத்தின்மேல் பழி போடுகிறாளே, குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பதினொரு விரிப்புகள் திரும்பி வந்தன. எக்ஸ்ரே எல்லார் முன்னாலும் அவளுடைய பையை மேசையில் கொட்டினார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, இருமல் மருந்து, ஒரு சின்னக் கத்தரி.

"இது எதுக்கு?"

"பிசிறு வெட்ட. இங்க குடுத்ததுதான், அக்கா. எல்லார்கிட்டயும் இருக்கு."

ஒருத்தியும் ஆமாம் என்று சொல்லவில்லை. அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அவள் வராத மூன்றாம் நாள், அன்று துவைத்தவற்றில் மேலும் ஒன்பது விரிப்புகளில் கிழிசல். 'உள்ளே கூட்டாளி இருக்கிறாள்' என்றுதான் எக்ஸ்ரேக்கு முதலில் தோன்றியது. மிச்சமிருந்த பதினேழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லார் முகத்திலும் ஒரே மிரட்சி. இத்தனை பேரும் கூட்டாளிகளாக இருக்க முடியுமா? புதியவள் சொன்ன சத்தம் நினைவுக்கு வந்தது. இரண்டாவது இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, உள்ளே கைவிட்டுத் தடவினார். தகடு ஒன்று இணைப்பில் பெயர்ந்து, பிளேடு போல நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.

"ஆள் விட்டு அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க. விஷயத்தை இதோட விட்டுடுங்க," என்றார் முதலாளி.

"பையைக் கொட்டினது எல்லார் முன்னாடியும், சார்."

எக்ஸ்ரே தானே போய் அவளை அழைத்து வந்தார். கட்டுப்போட்ட கையோடு, அதே மேசை அருகில் எல்லாரையும் நிற்க வைத்தார்.

"நான் பண்ணினது தப்பு. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "அந்தச் சத்தம் இவங்க எல்லாருக்கும்தான் கேட்டுது, அக்கா."

எக்ஸ்ரே திரும்பிப் பார்த்தார். பதினேழு தலைகளும் குனிந்தன. உலர்த்தும் பகுதியின் மூத்த பெண்தான் கடைசியில் வாயைத் திறந்தாள். "சொன்னா எங்களையும் சந்தேகப்படுவீங்கன்னு சும்மா இருந்துட்டோம்."

குற்றவாளியைத் தேடிய நாளெல்லாம் தன் சந்தேகமே பதினேழு வாய்களைப் பூட்டி வைத்திருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாளிலிருந்து, இயந்திரங்களை ஓடவிடும் முன் ஒவ்வொருவரிடமும் போய், "ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டார். எல்லாரும் "ஒண்ணுமில்லைக்கா" என்றார்கள். இதில் என்ன பொறி வைத்திருக்கிறாரோ என்று இப்போது அவர்கள் அவரைச் சந்தேகப்பட்டார்கள். அவர் கேட்பதை நிறுத்தவில்லை. ஐந்தாவது வாரம், கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அன்று மதியத்துக்குள் குழாய் பழுது பார்ப்பவரை எக்ஸ்ரே கையோடு கூட்டிவந்துவிட்டார்.