அப்பாவோடு விடியும் காலை

தங்கவயலில் வசிக்கிறோம். என் கணவர் விடிவதற்கு முன்பே கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போவார். அவர் திரும்புவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். சிறு பிள்ளைகளின் தூக்கம் கெடக்கூடாது என்று படித்திருந்ததால், காலையிலும் அவர்களை எழுப்ப அவரை விடமாட்டேன்.

ஒருநாள் அவரை அனுப்பிவிட்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டுப் பால் காய்ச்சப் போனேன். வந்து பார்த்தால் நான்கு வயது மகளின் படுக்கை காலி. கதவு திறந்திருந்தது. பதறிப்போய் ஓடினேன். ஸ்டேஷனுக்குத் திரும்பும் முனையில், ஸ்கூல் பையோடு இருட்டில் தனியாக நடந்துகொண்டிருந்தாள்.

"எங்கடி போற?"

"அப்பாகூட. நானும் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு. நீதான் எழுப்பவே மாட்டேங்கிறியே!"

போனில் விஷயத்தைக் கேட்டதும் கணவர், "இன்னாம்மா, உன் டைம்டேபிள்ல எனக்கும் ஒரு பீரியட் குடேன்" என்றார்.

அன்றே மாற்றினேன். இப்போது பிள்ளைகளைப் பொழுது சாய்ந்ததுமே சாப்பிடவைத்துத் தூங்கவைக்கிறேன். விடியலில் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறோம். தூக்கம் குறையுமோ என்று முதலில் பயந்தேன். குறையவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது முன்பிருந்த அழுகையும் இல்லை. "எந்திரிங்கப்பா, ஷிப்ட்டுக்கு டைம் ஆயிட்ச்சு!" என்று மகள்தான் அவரை எழுப்புகிறாள்.

அவர் கிளம்பியதும் மேல்தாழ்ப்பாளை மட்டும் மறக்காமல் நான் போடுகிறேன்.